பழுத்த இலை இல்லாத செடி

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஐந்தாம் மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். மேற்கே பார்த்த பல்கனி. கீழே ரயில் பாதை, அதற்கப்பால் கடல். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அந்தப் பல்கனிக்குத்தான் போவார்கள். போய் நின்று காற்று வாங்கிக்கொண்டு, "இதிலே நாலு சாடி வைத்தால் எவ்வளவு வடிவாயிருக்கும்" என்பார்கள். நானும் அப்படி நம்பித்தான் தொடங்கினேன். முதல் இரண்டு வருடங்களில் மூன்று குரோட்டன், இரண்டு செவ்வரத்தை, ஒரு மல்லிகை, ஊரிலிருந்து இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஒரு கறிவேப்பிலைக் கன்று ஆகிய அனைத்தும் அந்தப் பல்கனியில் செத்துப்போயின.

குற்றம் முழுவதும் என்னுடையதல்ல. கடற்காற்றோடு வரும் நுண்ணிய உப்புத் திவலைகள் இலையில் படிந்து காய்கின்றன. உப்பு இலையின் ஈரத்தை உறிஞ்சுகிறது. நுனியில் தொடங்கி விளிம்பு வழியே இலை தீய்ந்துகொண்டு வரும். சாடி மண்ணிலும் உப்புச் சேருவதால், தண்ணீர் ஊற்றியும் வேர் தாகத்தோடு கிடக்கும். தென்மேல் பருவக்காற்று வீசுகிற மே முதல் செப்ரெம்பர் வரையான மாதங்களில் எங்கள் யன்னல் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு உப்பு. போதாததற்கு, பின்னேரம் மூன்று மணி தொடங்கிச் சூரியன் நேரே உள்ளே பார்க்கும். இந்தக் காற்றைத் தாங்குகிற செடிகள் இல்லாமலில்லை. தாழை தாங்கும், எருக்கலை தாங்கும், அடம்பன் கொடி தாங்கும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்குத்தான், ஆனால் வரவேற்பறையில் அல்ல.

செத்தவற்றுக்குப் பதிலாகப் பத்தரமுல்லைப் பக்கம் போய் வேறு செடிகள் வாங்கி, இந்த முறை வீட்டுக்குள் வைத்தேன். அப்போதுதான் நுளம்புப் பிரச்சினை வந்தது. 2017ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குச் சந்தேக நோயாளர்களாகப் பதிவானதைக் கொழும்பில் யாரும் மறந்திருக்கவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் மாடி மாடியாக ஏறி வந்து, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, சாடிக்குக் கீழுள்ள தட்டு, பூச்சாடித் தண்ணீர் ஆகியவற்றையெல்லாம் டோர்ச் அடித்துப் பார்ப்பார்கள். நுளம்பு பெருகுவதைத் தடுப்பதற்கென்றே 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. குடம்பி, அதாவது நுளம்புப் புழு, கண்டால் நீதிமன்றம் வரை போகலாம். டெங்கு நுளம்பு தண்ணீரில் மிதக்கும்படி முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, வாரத்துக்கு ஒரு தடவை தட்டைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டு இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பும் நான் ஒன்பது தட்டுகளைத் தேய்க்கத் தயாராக இல்லை. செடிகளை ஒவ்வொன்றாகத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

வீடு வெறிச்சென்று போயிற்று. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை ஓடு, சாம்பல் நிறச் சோபா. வைத்தியசாலைக் காத்திருப்பு அறைபோல இருக்கிறது என்று தங்கச்சி சொன்னாள். செயற்கைச் செடி என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. வந்த உடனேயே ஒரு கூச்சமும் வந்தது.

அந்தக் கூச்சத்துக்கு ஒரு கதை இருக்கிறது. ஊரில் எங்கள் வீட்டுச் சோகேஸில் ஒரு கொத்துப் பிளாஸ்டிக் ரோசாப்பூ இருந்தது. 1977க்குப் பிறகு நாடு இறக்குமதிக்குத் திறந்துவிடப்பட்டபோது மாமா கொழும்பிலிருந்து வாங்கிவந்து கொடுத்தது. முற்றத்தில் நந்தியாவட்டையும் பவளமல்லிகையும் கேட்பாரின்றிக் கொட்டிக் கிடக்க, உள்ளே அந்தப் பிளாஸ்டிக் ரோசாவைத்தான் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பூட்டியிருந்தோம். 1995 ஒக்டோபர் 30 அன்று, போர் நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமமே எழுந்து நடந்த இரவில் நாங்களும் நடந்தோம். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு இல்லை, யன்னல் இல்லை, சோகேஸில் கண்ணாடி இல்லை. ரோசாக் கொத்து மட்டும் வைத்த இடத்தில், சற்று வெளிறி, அப்படியே இருந்தது. அம்மா அதை எடுத்துப் பின்வளவில் குப்பையோடு போட்டு எரித்தா. ஏன் என்று நான் கேட்கவில்லை. பிறகு எங்கள் வீட்டுக்குள் பிளாஸ்டிக் பூ வந்ததே இல்லை.

இப்போது அந்த அம்மா முழங்கால் வருத்தத்தோடு என்னிடம்தான் வந்திருக்கிறா. ஆகவே பூ வேண்டாம், வெறும் இலை மட்டும் என்று எனக்குள் ஒரு சமரசம் செய்துகொண்டு, ஒரு சனிக்கிழமை காலை புறக்கோட்டைக்குப் போனேன்.

கெய்சர் வீதிப் பக்கத்துக் கடைகளில் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும், அங்கே காடே தலைகீழாகத் தொங்கும். மொன்ஸ்டெரா, பன்னம், ஐவிக் கொடி, பனைக்கன்று, மூங்கில் எல்லாம் கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகக் கீழ்நோக்கி வளர்ந்திருக்கும். பொலித்தீன் உறைக்குள் அடைபட்டு வந்த புதிதில் இவற்றிடம் ஒரு மணம் உண்டு: புது மழைக்கோட்டும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல. பெரும்பாலானவை சீனாவிலிருந்து வருபவை. இந்தத் தொழில் அதற்கு முன்பு ஹொங்கொங்கில் கொடிகட்டிப் பறந்தது. பின்னாளில் ஆசியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான லீ கா-ஷிங் 1950களில் பிளாஸ்டிக் பூச் செய்துதான் முன்னுக்கு வந்தார். 1967இல் அந்த நகரையே மாதக்கணக்கில் கலக்கிய கலவரமும் சான் போ கொங் என்ற இடத்தில் ஒரு செயற்கைப் பூத் தொழிற்சாலையில் எழுந்த தொழிற்தகராறிலிருந்துதான் தொடங்கிற்று. வாடாத பூவுக்குப் பின்னாலும் வியர்வை இருக்கத்தான் செய்கிறது.

பல்கனிக்குத் தொங்கவிடுகிற கொடி ஒன்றைக் கையிலெடுத்தபோது கடைக்காரர் தடுத்தார்.

"வெயிலுக்கா அக்கா? இது நிக்காது. ஆறு மாசத்துல நீலமாப் போயிரும்."

"வெளிறும் என்றால் விளங்குது நானா, ஏன் நீலம்?"

அவர் பதில் சொல்லாமல் கடை வாசலைக் காட்டினார். வெயில் படும்படி தொங்கிய பழைய கொத்து ஒன்று உண்மையிலேயே நீலமாக, குளத்துப் பாசியின் நிறத்தைக்கூடத் தாண்டிய ஒரு நீலமாக இருந்தது. காரணத்தைப் பிறகு தேடி அறிந்தேன். பச்சை என்று நாம் காண்பது பல வேளைகளில் நீலச் சாயமும் மஞ்சள் சாயமும் கலந்தது. தாலோசயனைன் என்ற வகை நீலம் வெயிலை நன்றாகத் தாங்கும்; மலிவான மஞ்சள் தாங்காது. சூரியன் மஞ்சளைத் தின்றுவிட, நீலம் எஞ்சுகிறது. வெளியில் வைப்பதானால் புற ஊதாக் கதிரைத் தாங்குமாறு சேர்மானம் கலந்து செய்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். விலை கூடும், ஆயுளும் கூடும், ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

அன்று ஒரு மணிநேரம் அந்தக் கடையில் நின்று இலைகளைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். மலிவான இலை பொலியெத்திலீனை உருக்கி அச்சில் வார்த்தது. காம்பின் இரு பக்கமும் விரலால் தடவினால், அச்சின் இரண்டு பாதியும் சந்தித்த இடத்தில் ஒரு மெல்லிய வரம்பு தட்டுப்படும். இலை தண்டிலிருந்து முளைத்திருக்காது. தண்டிலுள்ள குமிழில் சட்டைப் பொத்தான்போல் அழுத்திப் பூட்டப்பட்டிருக்கும், இழுத்தால் கையோடு வரும். அடுத்த வகை பொலியஸ்டர்த் துணியை வெட்டி, சூடான அச்சில் நரம்பு பதித்தது. தூரத்தில் நின்று பார்த்தால் மிக அழகு, கிட்டே போனால் ஓரத்தில் நூல் பிரிந்திருக்கும். மூன்றாவது, துணியின் மேலோ நுரையின் மேலோ லேற்றெக்ஸோ பொலியூரெத்தேனோ பூசியது. இதைத் தொட்டால் உயிருள்ள இலையின் குளிர்ச்சியும் சதைப்பற்றும் ஏறத்தாழ இருக்கும். ஆனால் காலப்போக்கில் பிசுபிசுக்கும், கொழும்புப் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரமாக. மெதுமையாக்கி என்ற எண்ணெய் சேர்த்த பி.வி.சி. இலைகளிலும் அதே தொல்லைதான். உள்ளேயிருக்கும் எண்ணெய்ப்பசை மெல்ல மேலே கசிந்து, படிகிற தூசியை இறுகப் பிடித்துக்கொள்ளும். நான் பொலியெத்திலீன் வகையில் சற்றுத் தடித்த இரண்டு பன்னமும், துணியில் செய்த ஒரு உயரமான அத்தி மரமும் வாங்கினேன். அத்தி மரத்துக்கு ஓட்டோவில் எனக்கு முன்னதாகவே இடம் பிடிக்க வேண்டியிருந்தது.

அம்மா கதிரையில் இருந்தபடியே அந்த மரத்தைக் கனநேரம் பார்த்தா. நான் திட்டை எதிர்பார்த்து நின்றேன்.

"உதிலை ஒரு பழுத்தல் இலையும் இல்லையே, பிள்ளை."

அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அந்த மரத்தை என்னால் வேறு மாதிரிப் பார்க்க முடியவில்லை. காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. இந்த மரத்தில் விழக் காவோலையும் இல்லை, சிரிக்கக் குருத்தும் இல்லை. அத்தனை இலையும் ஒரே நாளில் பிறந்த ஒரே வயதுப் பிள்ளைகள். செயற்கைச் செடியை முதலில் காட்டிக்கொடுப்பது அதன் பிளாஸ்டிக் பளபளப்பு என்றுதான் நான் எண்ணியிருந்தேன். உண்மையில் காட்டிக்கொடுப்பது இந்த ஒரே வயதுதான். நல்ல தயாரிப்பாளர்கள் அதை அறிந்திருக்கிறார்கள். விலை கூடிய மரங்களில் இலைகள் மூன்று நான்கு அளவுகளில் இருக்கும், நுனிக் குருத்து வெளிர்பச்சையாக இருக்கும், அடியில் ஒன்றிரண்டு இலை பழுப்போடிக் கிடக்கும், தண்டு நிசமான மரக்கொம்பாக இருக்கும்.

நம்முடைய மலிவு மரத்திலும் சில வேலைகள் செய்யலாம், செய்தேன். தண்டுகளுக்குள்ளே கம்பி இருக்கிறது. பெட்டிக்குள் ஒடுங்கி வந்த கொப்புகளை ஒவ்வொன்றாக விரித்து, ஒன்றைத் தாழ்த்தி, ஒன்றைத் திருகி, சமச்சீரைக் குலைத்தேன். உயிருள்ள செடி யன்னல் பக்கம் சாயும். ஆகவே இலைகளின் முகத்தை யன்னலை நோக்கித் திருப்பி, சுவர்ப்பக்கத்து இலைகளில் ஐந்தாறைக் கழற்றினேன். பொத்தான் இலை என்பதன் நன்மை இதுதான். கூடவே வருகிற உள்ளங்கையளவு கறுப்புச் சாடி, சீமெந்து நிரப்பியது, எந்த மரத்தையும் விளையாட்டுச் சாமானாக்கிவிடும். அதை அப்படியே ஒரு பெரிய மண்சாடிக்குள் இறக்கி, சுற்றிலும் பழைய பத்திரிகைத்தாளைத் திணித்து, மேலே தென்னந்தும்பு பரப்பினேன். தும்பும் மண்சாடியும் நிசம் என்பதால் கண் மேலே உள்ளதையும் நம்பத் தொடங்கிவிடுகிறது.

எங்கே வைப்பது என்பதில் எனக்கு இப்போது உறுதியான கருத்து உண்டு: நிசச் செடி உயிரோடிருக்க முடியாத இடத்தில்தான் செயற்கைச் செடி வைக்க வேண்டும். வெளிச்சமே எட்டாத நடைபாதை மூலை, குளிர்சாதனப் பெட்டியின் மேல், குளியலறையின் உயரத் தட்டு, புத்தக அலுமாரியின் உச்சி. அங்கெல்லாம் அது தன் வேலையைச் செய்கிறது, யாரும் கிட்டப் போய்த் தடவிப் பார்ப்பதும் இல்லை. வெளிச்சம் வழிகிற யன்னல் மேசையில் அதை வைத்தால், இங்கே நிசமாகவே ஒன்று வளருமே என்ற எண்ணம் பார்ப்பவர் மனதில் எழுந்துவிடும். பிறகு அது பொய்யாகத்தான் நிற்கும். சாப்பாட்டு மேசைக்கும் வேண்டாம். இருந்து பேசுகிற இடத்தில் கை சும்மா இருக்காது, இலையை நெருடும்.

கொழும்பில் இப்போது தேநீர்க் கடை, முடி திருத்தகம், கலியாண மண்டபம் என்று எங்கும் ஒரு முழுச்சுவரைப் பச்சைத் தகடுகளால் மூடி, அதன்மேல் ஒளிரும் எழுத்து ஒட்டுகிறார்கள். தகடுகள் அரை மீற்றர் அளவானவை. ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் ஒவ்வொரு தகட்டிலும் அதே இலை அதே இடத்தில் இருக்கும், மூன்று தகடு சேர்ந்தவுடன் கண் அதைக் கண்டுபிடித்துவிடும். தங்கச்சி என் வரவேற்பறைக்கும் அப்படி ஒன்று செய்யச் சொன்னாள். மறுத்துவிட்டேன். மண்டபத்தில் நாலு மணிநேரம் நின்று படம் எடுத்துவிட்டு வருவது வேறு, அதோடு குடும்பம் நடத்துவது வேறு.

பொய்ப்பூவை இழிவாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் பழையதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சங்ககாலத்தில் மன்னன் பாணனுக்குச் சூட்டிய உயர்ந்த பரிசே பொன்னால் செய்த தாமரைதான். வண்டு மொய்க்காத தாமரை என்று அதைப் புலவர் பாடினார்கள். அது பூவல்ல என்பதை மறைக்காமல், அதையே அழகாக்கிச் சொன்னார்கள்.

வண்டு மொய்க்காது; தூசி மொய்க்கும். காலி வீதியின் கரும்புகைத் தூசியும் கடலின் உப்பும் கலந்து படிந்தால், ஒரு மாதத்தில் பச்சை இலை சாம்பல் பூத்துவிடும். துணி இலைகளைக் கல்லுப்போடு ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கினால் தூசி உப்பில் ஒட்டிக்கொள்ளும் என்றொரு குறிப்பை எங்கோ வாசித்து நானும் செய்துபார்த்தேன். எங்கள் குசினியில் உப்பு எப்போதும் கசிந்தே இருக்கும். தூசியோடிருந்த மரம் தூசியும் உப்புமாக வெளியே வந்தது. இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வர்ணம் பூசும் மெல்லிய தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டுகிறேன். பிளாஸ்டிக் இலைகளை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்த தண்ணீரில் அலசி, நிழலில் காயவைக்கிறேன். துணி இலையை நனைப்பதற்கு முன் மறைவான ஓர் இலையைத் துடைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. தண்டு வெட்டப்பட்ட முனையில் கம்பி வெளியே தெரிந்தால் கடற்காற்றில் அது துருப்பிடித்து, சுவரில் செந்நிறக் கறை இறங்கும். ஒரு துளி நகப்பூச்சு வைத்து முனையை அடைத்துவிட்டால் போதும்.

சாமியறையில் நடந்ததை எழுதாமல் விடக்கூடாது. சென்ற வருடம் தைப்பொங்கலுக்கு யாரோ கொடுத்த பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தைச் சாமித்தட்டுக்கு மேலே கட்டினேன். மாலையில் குத்துவிளக்கை ஏற்றிவிட்டுக் குசினிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது, நடுவிலிருந்த இரண்டு மாவிலை வளைந்து, நுனியில் மெழுகுத்துளிபோலத் திரண்டு, ஒரு சொட்டு விளக்கின் எண்ணெய்க்குள் விழுந்திருந்தது. பொலியெத்திலீன் நூற்றுச் சொச்சம் பாகையிலேயே உருகிவிடும். தீப்பற்றினால் எரிந்துகொண்டே சொட்டும். நல்லவேளை, பற்றவில்லை. அம்மா அன்று நிறையத் திட்டினா, எல்லாம் நியாயம். தோரணத்துக்கு மாவிலை, சாமிக்குப் பூ என்பதில் இப்போது எங்கள் வீட்டில் விதிவிலக்குக் கிடையாது. அரசும் ஒருவகையில் அம்மாவின் பக்கம்தான்: 2023 ஒக்டோபர் 1 முதல் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பாவனைப் பிளாஸ்டிக் பொருட்களில் உறிஞ்சுகுழலோடும் இடியப்பத் தட்டோடும் பிளாஸ்டிக் பூமாலையும் இருக்கிறது. இடியப்பத் தட்டும் பூமாலையும் ஒரே பட்டியலில் வரும் நாடு வேறெங்கும் இருக்காது.

மூன்றாம் மாடி மாமி என் மரத்தைப் பார்க்கும் போதெல்லாம், "உது காத்தைச் சுத்தமாக்காதே" என்று இரங்குவா. 1989இல் நாசா செய்த ஆய்வு இந்த நம்பிக்கைக்கு மூலம். அது மூடி அடைத்த சிறு கூண்டுக்குள் செய்தது. 2019இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளின் தரவுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, கட்டடங்களில் வழக்கமாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடுகொடுக்க ஒரு சதுர மீற்றருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவைப்படும் என்று கண்டார்கள். எங்கள் பல்கனிக் கதவைத் திறந்தால் மாமி வீட்டுக் காற்றும் சேர்ந்து சுத்தமாகும். இதை மாமியிடம் சொல்லவில்லை. அவவுடைய மணிபிளாண்ட் போத்தலில் தண்ணீர் மாற்றியாயிற்றா என்று மட்டும் கேட்பேன்.

கேட்கிற தகுதி எனக்கில்லை என்பது சென்ற யூனில் தெரியவந்தது. கடைக்கார நானா சொன்னதை மீறி, வெயிலைத் தாங்கும் வகை என்று வேறோரிடத்தில் வாங்கிய மூங்கில் ஒன்றைப் பல்கனியில் வைத்திருந்தேன். நுளம்புக்குப் பயந்து நிசச் செடியை விட்டவள் அல்லவா, பிளாஸ்டிக்கைப் பற்றிக் கவலையே படவில்லை. தண்ணீர் ஊற்றாத செடிக்குச் சாடியில் துளை இருக்காது என்பதும், மழை யாரையும் கேட்டு ஊற்றுவதில்லை என்பதும் எனக்கு உறைக்கவில்லை. பரிசோதகர் குனிந்து, தும்பை விலக்கி, டோர்ச்சை அடித்தார். கறுத்த தண்ணீருக்குள் குடம்பிகள் துள்ளித் துள்ளி மேலே வந்து போயின. எச்சரிக்கையோடு விட்டார். போகும்போது மூங்கிலின் ஓர் இலையைத் தொட்டுப் பார்த்து, பிளாஸ்டிக் என்று கண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு அபராதமே மேல்.

பல்கனி இப்போது வெறுமையாக இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் ஊருக்குப் போய்வந்த தம்பியிடம் அம்மா ஒரு கற்றாழைக் கன்று சொல்லி எடுப்பித்தா. வேரோடு பிடுங்கி வந்ததைக் கயிற்றில் கட்டி, கண்ணூறுக்கென்று வீட்டு வாசலில் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறா. மண் இல்லை, தண்ணீர் இல்லை, தேய்ப்பதற்குத் தட்டும் இல்லை. தொங்கவிட்டு எட்டு மாதமாகிறது. அடியிலிருந்த இரண்டு இலை காய்ந்து சுருண்டன, அம்மா அவற்றைக் கிள்ளி எறிந்தா. மற்ற இலைகள் கீழ்நோக்கித் தொங்குவதை விட்டு, படிக்கட்டு யன்னல் இருக்கும் பக்கமாக மெல்ல மேலே வளைந்துகொண்டு வருகின்றன.